கேனி

கடிதம் கோடு போட்ட நோட்டுத் தாளில், ஊதா மையில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் பெல்லா ராப்சன். வட இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்தில் ஹாஸ்விக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். பக்கத்து வீட்டுக்காரன் வில்ஃப் ஹெட்லியின் குணத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த சாட்சி அது.

வில்ஃபின் தங்கை நோரா லண்டனில் நிமோனியாவில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் மகள் ரோஸ்லினுக்கு ஐந்து வயது. அப்பன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நகர்மன்றத்தின் காப்பகம் ஒன்றில் குழந்தையை வைத்திருந்தார்கள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிடுங்கள், நான் வளர்க்கிறேன் என்று தாய்மாமன் எழுதிக் கேட்டிருந்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் சுரங்கத்துக்குள் இருக்கிற நேரத்தில் பெல்லா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

அந்தப் பிப்ரவரி மாதத்து மத்தியானம் குழந்தைகள் நலக் குழு கூடியபோது, மேசையின் மூலையில் சுருக்கெழுத்து நோட்டோடு உட்கார்ந்திருந்தவள் தெல்மா ஹெஸ்லப். வயது இருபத்தெட்டு. குழு பேசுவதை எழுத வேண்டும், பிறகு தட்டச்சு செய்ய வேண்டும். அவள் பேசுவதற்கு அங்கே வேலை இல்லை.

தலைவர் மிஸ் லாங்லி கடிதத்தை உரக்கப் படித்தார்.

"'வில்ஃப் ஒரு கேனி ஆளு. சின்னப் பிள்ளைங்ககிட்ட ரொம்ப கேனி. எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, இவனை மாதிரி கேனியான ஆம்பளைய நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.'"

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சின்னப் பிள்ளைங்ககிட்ட கேனியா? அப்படின்னா?"

"நரித்தனம்னு அர்த்தம்" என்றார் குழு உறுப்பினர் டாக்டர் பாஸ்கோ. "எங்க வீட்டுப் பக்கத்துல பழைய கார் விக்கிறவர் ஒருத்தர் இருக்கார். அவரைத்தான் அப்படிச் சொல்வோம். ஏமாறவே மாட்டார், ஏமாத்திடுவார்."

"பிள்ளைங்ககிட்ட எதுக்குங்க ஒரு ஆம்பளைக்கு நரித்தனம்?" மிசஸ் டிரான்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுவும் கல்யாணமாகாத ஆளு. எனக்கு என்னமோ கேக்கவே நல்லா இல்ல."

அலமாரியிலிருந்து கையடக்க அகராதி ஒன்றை எடுத்தார்கள். அதில் கேனி என்ற பெயரடைக்கு இரண்டே வரிதான் இருந்தது. தந்திரமுள்ள. சூதுவாது அறிந்த. காரியத்தில் கண்ணான.

"பக்கத்து வீட்டம்மா நமக்குச் சூசகமா ஏதோ சொல்ல வர்றாங்களோ?" என்றார் மிஸ் லாங்லி. "நேரா எழுதப் பயந்துகிட்டு? இங்க யாருக்காவது அந்த வடக்குப் பக்கம் பழக்கம் உண்டா?"

மிஸ் லாங்லியின் பார்வை மேசையைச் சுற்றிவந்து மூலையில் நின்றது.

"மிஸ் ஹெஸ்லப், நீங்க எந்தப் பக்கம்?"

"ஹார்ட்ஃபோர்ட், மேடம்."

அவ்வளவுதான். பார்வை நகர்ந்துபோயிற்று. தெல்மாவின் பென்சில் தாளின் மேல் அசையாமல் நின்று, பிறகு எழுதத் தொடங்கியது.

அவள் பிறந்தது ஹாஸ்விக்கிலிருந்து நான்கு மைல் தள்ளி. அவள் ஊரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் விடியாது. எப்படி இருக்கே என்று கேட்டால் 'கேனி' என்பார்கள். சூடும் சர்க்கரையும் சரியாக இருந்தால் அது கேனி தேநீர். கடிக்காத நாய் கேனி நாய். சுரங்கத்துக்குப் புறப்படுகிறவனிடம் பெண்டாட்டி 'கேனியாப் போ' என்றால் பார்த்துப் போ என்று அர்த்தம். கல்யாணத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தால் கேனி கூட்டம். இப்படிக் கண்ட இடத்திலெல்லாம் ஓடித் திரிகிற சொல், ஒரு மனிதன் மேல் வந்து உட்காரும்போது மட்டும் கனத்துவிடும். கேனி ஆள் என்றால் அவன் பொறுப்பில் வீட்டையும் பிள்ளையையும் விட்டுவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போகலாம். அவள் அப்பாவை அடக்கம் செய்த அன்று, அவரோடு முப்பது வருஷம் கரி வெட்டியவர்கள் வரிசையாக வந்து 'கேனி மனுஷன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு மேல் அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

லண்டனுக்கு வந்த புதிதில் தெல்மா தட்டச்சு அறையில் ஒருத்தியின் மேல்கோட்டைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப கேனியா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதம் அவளுக்கு அதுதான் பெயர். "கேனி வந்தாச்சா? கேனிக்கு டீ குடுத்தாச்சா?" யாரும் கொடுமைக்காகச் செய்யவில்லை, சிரிப்புக்குத்தான். ஆனால் அவள் அன்றிலிருந்து ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்களோடு சேர்ந்து முணுமுணுத்து முணுமுணுத்து, நாக்கில் ஒட்டியிருந்த ஊரைச் சுரண்டி எடுத்தாள். வேலை மாறியபோது சொந்த ஊரின் பெயரையும் மாற்றிச் சொல்லிக்கொண்டாள். லண்டனை ஒட்டிய ஹார்ட்ஃபோர்ட்டை அவள் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கில்ஃபோர்ட் பக்கம் ஒரு தம்பதி, பிள்ளை இல்லாதவர்கள், அவர்களிடம் ரோஸ்லினைக் கொடுப்பது பற்றி ஜூன் மாதம் முடிவெடுக்கலாம் என்று குழு கலைந்தது. தெல்மா அன்று சாயங்காலம் கார்பன் வைத்து மூன்று பிரதி தட்டச்சு செய்தாள். 'குழந்தைகளிடம் தந்திரமாக நடந்துகொள்பவர் என்று அண்டை வீட்டாரே குறிப்பிட்டுள்ளார்.' விரல்கள் ஒரு எழுத்தும் தவறவில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அதிகமாக உடம்பு கூசியது.

*

காப்பகத்திலிருந்து மாதாமாதம் அறிக்கை வரும். அதைக் கோப்பில் சேர்ப்பது தெல்மாவின் வேலை. மார்ச் அறிக்கையில் காப்பாளர் எழுதியிருந்தார்: 'ரோஸ்லின் சாப்பிடும்போதும் தொப்பியைக் கழற்ற மறுக்கிறாள். காரணம் கேட்டால் சொல்வதில்லை.' ஏப்ரலில்: 'தூங்கும்போதும் தொப்பி. இரவில் வாங்கி வைத்துவிடுகிறோம். காலையில் அழுகிறாள்.'

தெல்மாவால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. கோப்பை மூடி வைத்தாள். மூடியபின்னும் தொப்பி கோப்புக்கு வெளியேதான் இருந்தது. பேருந்தில் எதிர் இருக்கையில், சூப்பைக் கலக்கும்போது கிண்ணத்துக்கு அந்தப் பக்கம், தொப்பி போட்ட ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்குப் போய் டர்ஹமுக்குச் சீட்டு வாங்கினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் பிறந்த ஊரைப் பேருந்து கடக்கும்போது கைப்பையில் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

வில்ஃப் ஹெட்லி வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் லீக் வெங்காயப் பாத்திக்குச் சாம்பல் கலந்துகொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும். சுரங்கத்துக் கரி புண்ணுக்குள் தங்கி ஆறிப்போன நீலத் தழும்பு நெற்றியில் இருந்தது, அவள் அப்பாவுக்கு இருந்தது போலவே. லண்டன் அலுவலகத்திலிருந்து வருவதாக அவள் சொன்னதும் மண்வெட்டியை வேலியில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் கை கொடுக்காமலே உள்ளே கூப்பிட்டான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து பெல்லா ராப்சனும் வந்துவிட்டார். ஐம்பது வயது, மாவு படிந்த முழங்கை, துணியில் சுற்றிய சூடான ஸ்டாட்டி, அந்தப் பக்கத்துத் தட்டையான வட்ட ரொட்டி.

"உக்காரு கண்ணு. ரயில்ல ஒண்ணும் சாப்டிருக்க மாட்ட. ரயில்ல விக்கிறதெல்லாம் ஒரு சாப்பாடா? வில்ஃபு, அந்த நாயை நாற்காலிய விட்டு எறக்கு. லண்டன்லேருந்து வந்தவங்களுக்கு நாய்க்குக் கீழதான் எடமா?"

"அது எறங்காது, அக்கா. உனக்கே எறங்கல, எனக்கா எறங்கும்?"

நாய் இறங்கியது. தெல்மா உட்கார்ந்தாள். தன் செய்தி வாசிப்பாளர் குரலில், குழந்தையின் தொப்பி பற்றி விசாரிக்க வந்ததாகச் சொன்னாள்.

வில்ஃப் சட்டென்று எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான். வெளியே பார்த்தபடியே சொன்னான்.

"நோராவ அடக்கம் பண்ண வந்தப்போ நான்தான் வாங்கிக் குடுத்தேன். செவப்புத் தொப்பி. பிள்ளை என் கால விடவே இல்ல. நான் சொன்னேன், 'மாமா அடுத்த தடவ உன்னைக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் வருவேன். நீ தொப்பியோட தயாரா இருக்கணும், ரயில் நமக்காக நிக்காது'ன்னு. அதைப் பிடிச்சுகிட்டா போல."

அடுப்பில் கெட்டில் முனகியது.

"மேல போய்ப் பாரும்மா" என்றார் பெல்லா. "அவளுக்குன்னு அறைக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சிருக்கான். ரெண்டு பூச்சு. முட்டைக்கருவுக்குள்ள புகுந்த மாதிரி இருக்கும். நான் சொன்னேன், பிள்ளை தூங்குறதுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கணும்டான்னு."

தெல்மா மேலே போகவில்லை. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள்.

பெல்லா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கலாமா? எங்க கடுதாசியில எதாவது தப்பாப் போச்சா? நான் ரெண்டாங்கிளாஸுக்கு மேல ஒழுங்கா பள்ளிக்கூடம் போனதில்ல. எழுத்துப் பிழை இருந்திருக்கும். நாலு தடவ எழுதிக் கிழிச்சேன். ஆனா இருக்கிறதுலயே நல்ல வார்த்தையத்தான் போட்டேன். மூணு எடத்துல போட்டேன். அதுக்கு மேல எங்ககிட்ட வார்த்தை இல்லியே கண்ணு. எம்மேல எதாவது குத்தம்னா சொல்லு. ராத்திரியெல்லாம் அதுதான் ஓடிகிட்டிருக்கு."

"உங்க மேல ஒரு குற்றமும் இல்லை, மிசஸ் ராப்சன்" என்றாள் தெல்மா. அது உண்மைதான். மிச்ச உண்மை பல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டது. தேநீர் குடித்தாள். அது நல்ல கேனி தேநீர். "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னாள்.

*

ஜூன் மாதக் கூட்டத்தில் கில்ஃபோர்ட் தம்பதியின் பெயரை மிஸ் லாங்லி வாசித்தபோது தெல்மா எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் கிறீச்சிட்டது.

"என்ன, மிஸ் ஹெஸ்லப்? பழைய குறிப்புல எதாவது விட்டுப்போச்சா?"

"தப்பா இருக்கு, மேடம். ஒரு சொல்லோட அர்த்தம்."

மேசையைப் பிடித்துக்கொண்டாள். டர்ஹம் பக்கம் கேனி என்றால் தந்திரக்காரன் இல்லை, நல்லவன், இளகிய மனசுக்காரன், நம்பிக்கைக்கு உரியவன் என்று சொன்னாள். பிள்ளைகளிடம் கேனி என்றால் பிள்ளைகளிடம் பதமாக, அன்பாக இருக்கிறவன். அந்த அம்மாள் எழுதியதைவிட உயர்வாக அந்த ஊரில் ஒரு ஆளைப் பற்றி எழுத முடியாது. தொப்பியைப் பற்றியும் சொன்னாள். மிசஸ் டிரான்டர் கைக்குட்டையை எடுத்தார். டாக்டர் பாஸ்கோ தொண்டையைச் செருமினார்.

"அடப்பாவமே. ஒரே சொல் இங்க ஒண்ணு, அங்க ஒண்ணா?"

மிஸ் லாங்லி மட்டும் தெல்மாவையே உற்றுப் பார்த்தார். "இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இதோ, கதவு இரண்டாவது முறையும் திறந்திருந்தது. உள்ளே ஒரு எட்டு வைத்தால் போதும்.

"விசாரிச்சேன், மேடம். அந்தப் பக்கம் எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"சாமர்த்தியம்" என்றார் மிஸ் லாங்லி. "நம்மள்ல ஒருத்தருக்கும் இது தோணலியே. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்." அதைக் கூட்டக் குறிப்பிலும் ஏற்றச் சொன்னார். தன்னைப் பாராட்டும் அந்த வரியைத் தெல்மாவே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. மூன்று பிரதி.

ஜூன் அறிக்கை கோப்பில் அடுத்த தாளாக இருந்தது. 'தொப்பிப் பிடிவாதம் தானாகவே நின்றுவிட்டது. இப்போது யார் என்ன சொன்னாலும் கேட்கிறாள்.'

*

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துப்போய் ரயில் நிலையத்தில் மாமனிடம் ஒப்படைக்கும் வேலையைத் தெல்மா தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். ரோஸ்லின் வழி முழுவதும் கையைக் கொடுத்தபடி பேசாமல் வந்தாள். மறுகையில் சிவப்புத் தொப்பி கசங்கிக் கிடந்தது.

நடைமேடையில் வில்ஃப் தன் ஒரே சூட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். பக்கத்தில் பெல்லா, கூடையோடு. பிள்ளையைக் கண்டதும் வில்ஃப் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தான். ரோஸ்லின் ஓடவில்லை. அருகே போய், காப்பகத்தில் சொல்லிக்கொடுத்தபடி, கை குலுக்கினாள்.

"எப்படி இருக்கீங்க?" என்றாள்.

"நல்லா இருக்கேன்டா ராசாத்தி." விரித்த கைகளை மெதுவாக மடக்கிக்கொண்டான். "தொப்பி போடலியா?"

"அது சின்னதாப் போச்சு."

வில்ஃப் தலையாட்டினான். தலையாட்டிக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து, "எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரேன்" என்று அவசரமாகப் போனான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "நீயும் வர்றியா? பன் இருக்கு" என்றான். ரோஸ்லின் யோசித்துவிட்டுப் போனாள், ஒரு அடி தள்ளியே நடந்து.

"வந்துடுவா" என்றார் பெல்லா. "நாய் இருக்குல்ல, அது ஒரு வாரத்துல சரி பண்ணிடும்." தெல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வில்ஃபு சொன்னான், அந்த ரூம்ல நீதான் எந்திரிச்சுப் பேசினியாமே. ஆபீஸ்லேருந்து எழுதியிருந்தாங்களாம். நீ கேனி பொண்ணு கண்ணு. ரொம்ப கேனி பொண்ணு."

சொல் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஊரில் அது எவ்வளவு கனம் என்று தெல்மாவுக்குத் தெரியும்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

"எது?"

"அர்த்தம். பிப்ரவரியில உங்க கடுதாசியப் படிச்சப்போ நான் அந்த ரூம்லதான் இருந்தேன். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டாங்க. நீ எந்த ஊருன்னு என்னையே கேட்டாங்க." குரல் தானாக மாறிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாகச் சுரண்டியதெல்லாம் நாக்கில் திரும்பி வந்தது. "நான் வாய தொறக்கல. ஊரை மாத்திச் சொல்லிட்டேன்."

பெல்லா கையை எடுக்கவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது.

"நீ நம்ம பக்கத்துப் பொண்ணுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் கடைசியில். "லண்டன்காரங்க ஸ்டாட்டிய அறுக்கக் கத்தி கேப்பாங்க. நீ பிச்ச. ஹெஸ்லப்னு பேரு வேற, எங்க மண்ணை விட்டா அது எங்க முளைக்கும்? என்னமோ கூச்சம், நாமளா எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன். ஆனா நீ அந்த ரூம்ல இருந்தது எனக்குத் தெரியாது."

"என்னைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு பயந்தேன்."

"சிரிப்பாங்கன்னு." பெல்லா அதைத் திருப்பிச் சொன்னார், அதன் எடையைப் பார்ப்பதுபோல. "அஞ்சு மாசம் நான் தூங்கலடி. ரெண்டு எழுத்துக் கத்துக்காம போனோமே, நம்ம புத்திகெட்ட எழுத்தாலதான் பிள்ளை வராம போச்சுன்னு."

"தெரியும்."

"அன்னைக்கு உன்கிட்ட கேட்டேனே. வாய் விட்டுக் கேட்டேனே. அப்பவும் நீ டீ குடிச்சிட்டுப் போன."

மன்னிச்சிடுங்க என்று தெல்மா சொல்லலாம்தான். அதைச் சொன்னால் பெல்லா ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்ற மனம் வரவில்லை.

வில்ஃப் தட்டில் நான்கு கோப்பையோடு வந்தான். ரோஸ்லின் அவன் கோட்டு நுனியை ஒரு விரலால் பிடித்திருந்தாள். வாயில் சர்க்கரை. அவன் முகம் அந்த ஒரு விரலால் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது.

"இந்தாம்மா, மொதல்ல உனக்கு." தெல்மாவிடம் கோப்பையை நீட்டினான். "நாங்க எந்த ஜென்மத்துலயும் மறக்க மாட்டோம். கேனி பொண்ணுல்ல, அக்கா?"

பெல்லா தெல்மாவை ஏற இறங்கப் பார்த்தார். கூடையைக் கை மாற்றினார். ரோஸ்லினின் கன்னத்துச் சர்க்கரையைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"ம். நல்ல உயரமான பொண்ணு" என்றார்.

வில்ஃபுக்கு விளங்கவில்லை. சிரித்தான். வண்டி புறப்படப்போகிறது என்று ரயில் கார்டு கத்தினார். பெட்டி, கூடை, பிள்ளை என்று ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. ஜன்னலில் ரோஸ்லின் தெரிந்தாள். மடியில் தொப்பி. பெல்லா அதை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், தையலைப் பிரித்தால் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று.

"கேனியாப் போங்க" என்றாள் தெல்மா. ஊர்க் குரலிலேயே, சத்தமாக. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் மூடியிருந்தது. பெல்லா நிமிரவில்லை.